அந்த ஒரு வரியை அச்சிட்டிருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பல்கலைக்கழக மாணவர்களின் மனஅழுத்தம் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "குப்பி விளக்கில் படித்த எங்களுக்கு வராத வருத்தம் இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" நெடுநாள் வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன், அதை அச்சுக்கு விடுமுன் ஒருவரும் யோசிக்கவில்லையா?

தொண்ணூறுகளில் நானும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். எங்களுக்கு வரவில்லை என்று யார் சொன்னது? என்னோடு படித்த ஒருத்தி இரண்டாம் வருடச் சோதனைக்கு வராமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். நூல் கட்டினார்கள், சாத்திரம் கேட்டார்கள், கலியாணம் செய்துவைத்தால் சரியாகும் என்றார்கள். வைத்தியரிடம் மட்டும் கொண்டுபோகவில்லை. அவள் படிப்பு அதோடு நின்றது.

இப்போது யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு அறைகளில் மாணவிகள் தங்கியிருக்கிறார்கள். சென்ற வருடம் வன்னியிலிருந்து வந்த பிள்ளைக்கு மத்தியானம் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல், இரவாகியும் கட்டு அவிழாமல் மேசையில் இருந்தது. பக்கத்தில் கொப்பி, முதல்நாள் விரித்த அதே பக்கத்தில். ஊரில் தமிழில் படித்து முதலாவதாக வந்தவள், இங்கே ஆங்கில விரிவுரை பாதி விளங்காமல், கேட்கவும் வெட்கப்பட்டு ஒடுங்கிப்போயிருந்தாள். 2009 இல் தகப்பனை இழந்த பிள்ளை. தாய் தொலைபேசியில் கேட்பது "படிக்கிறாயா" என்பது ஒன்றுதான். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். காசு கேட்கவில்லை. மருந்து கொடுத்தார்கள், ஆறுதலாக இருந்து கதைத்தார்கள். இன்று அவள் ஒழுங்காக விரிவுரைக்குப் போகிறாள். ஆனால் அயலில் கேட்டது, "விசருக்கா மருந்து எடுக்கிறாள்?" உங்கள் கட்டுரை அந்த வாய்களுக்குத்தான் துணிவு கொடுத்திருக்கிறது.

மாணவர் ஆலோசகரிடம் போகலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. விடைத்தாள் திருத்துகிறவர் முன் எந்தப் பிள்ளை வாய்விட்டு அழும்? பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்தது. முறையிட்டவனுக்கு இன்றும் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர்தான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததும் பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் படம் போடுகிறீர்கள். அவர்களில் ஒன்று உயிரை மாய்த்துக்கொண்டால் காதலா, கடனா என்று ஊகித்து மறுபடியும் படம் போடுகிறீர்கள். பெற்றவர்கள் அதையும் வாசிப்பார்கள்.

நான் கேட்பது சிறிய இடம். கல்விப் பக்கத்தில் வாரந்தோறும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ ஒரு பெட்டிக்குள் போடுங்கள். அதில் தமிழிலும் கதைக்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.