நாய் உட்கார்ந்தால் சோதனை தொடங்குகிறது, முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனத்தில் போதைப்பொருள் பிடிபட்ட செய்திகளில் "மோப்ப நாய் காட்டிக் கொடுத்தது" என்று ஒரு வரி வரும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. பதினாறு ஆண்டுகள் மோப்ப நாயின் கயிற்றைப் பிடித்து வண்டிகளைச் சுற்றி வந்தவன் நான். அந்த ஒரு வரிக்குள் நடப்பதை எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன்.

என்னோடு வேலை செய்தவள் ஒரு கறுப்பு லாப்ரடார். தாரா என்று கூப்பிடுவேன். வண்டியை நிறுத்தியதும் நான் முதலில் பார்ப்பது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத்தான். காற்று வண்டியைத் தாண்டி வெளியேறும் பக்கத்தில்தான் வாசனை வந்து சேரும். தாராவை அங்கிருந்து தொடங்க விடுவேன். கதவு இடுக்கு, டிக்கியின் விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, பம்பரின் அடிப்பக்கம் என்று மூக்கைக் கொண்டுபோவாள். எவ்வளவு இறுக்கி மூடினாலும் வண்டி இந்த இடைவெளிகளில் காற்றைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

நாயின் மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு பிளவு உண்டு. விடும் மூச்சு அதன் வழியே பக்கவாட்டில் போய்விடும். அதனால் முன்னாலிருக்கும் வாசனை கலைவதில்லை. மும்முரமாக மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை வரை உறிஞ்சும். ஆனால் வெயிலில் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தால் மோப்பம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் அவளை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். "சீக்கிரம் ஆகட்டும்" என்று மேலிருந்து குரல் வரும். இளைக்கும் நாயை ஒரு சுற்று இழுத்துப் போய்விட்டு "வண்டி சுத்தம்" என்று எழுதுவது பொய்க் கணக்கு என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவே எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

கோகைன் இருக்கும் இடத்தில் நாய் பிடிப்பது பெரும்பாலும் கோகைனையே அல்ல. காற்றின் ஈரத்தில் அது சிதையும்போது எழும் மெத்தில் பென்சோயேட் என்ற ஆவியைத்தான். ஹெராயினில் அசிட்டிக் அமிலத்தின் புளித்த வாடை, கஞ்சாவில் டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருட்கள். ஆக, நாய் சொல்வது "இங்கே வாசனை இருக்கிறது" என்பது மட்டுமே. பொருள் இருக்கிறதா, நேற்றே இறக்கிவிட்டார்களா, யார் ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வண்டி கைமாறிய பிறகும் பழைய வாடை இருக்கையில் தங்கியிருக்கலாம்.

குற்றம் என்றால் என்னவென்றும் அதற்குத் தெரியாது. அதற்கு இது விளையாட்டு. வாசனை வந்த இடத்தில் உட்கார்ந்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான். பந்துக்காக வேலை செய்யும் நாய், பந்து வைத்திருப்பவனின் உடம்பையும் கூர்ந்து கவனிக்கும்.

ஒரு மழை இரவில் ஒரு லாரியை நிறுத்தினோம். ஓட்டுநர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, கை நடுங்கியது. எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. தாரா முதல் சுற்றை எதுவும் காட்டாமல் முடித்தாள். நான் விடவில்லை. இரண்டாவது சுற்றில் பின்சக்கரத்தருகே நின்றேன், கயிற்றைத் தளர்த்தினேன், அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சரக்கு முழுவதையும் இறக்கினோம், தார்ப்பாயைப் பிரித்தோம், சக்கரத்தையும் கழற்றினோம். ஒன்றுமில்லை. அந்த மனிதர் விடியும்வரை நனைந்துகொண்டே மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார். தவறு தாராவுடையது அல்ல. அவளை உட்காரவைத்தவன் நான்.

என் மனக்குறைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 18 நாய்களையும் அவற்றைக் கையாள்பவர்களையும் வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தேடச் சொன்ன இடத்தில் போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை. ஆனால் இருக்கலாம் என்று கையாள்பவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில்தான் பொருள் இருக்கிறது என்றும் நம்பவைத்திருந்தார்கள். நாய் அடையாளம் காட்டியதாக 225 முறை அறிவிப்பு வந்தது. நாயை இழுக்க ஒளித்துவைத்த தின்பண்டமும் பந்தும் இருந்த இடங்களைவிட, மனிதன் நம்பிய காகிதம் இருந்த இடங்களில்தான் அறிவிப்புகள் அதிகம். அதைப் படித்த அன்று அந்த லாரி ஓட்டுநரின் முகம்தான் கண்முன் வந்தது.

2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆல்டோ என்ற நாய் சம்பந்தப்பட்ட வழக்கில், நாயின் நம்பகத்தன்மைக்குச் சாலையில் அது செய்த சோதனைகளின் கணக்கு கட்டாயம் வேண்டியதில்லை, முறையான பயிற்சியும் தேர்வும் போதுமானதாக இருக்கலாம் என்றது. சாலையில் பழைய வாடைக்கு நாய் உட்கார்ந்தாலும் அது தவறாகவே கணக்கில் ஏறும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தேர்வில் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று கையாள்பவருக்குத் தெரிந்திருந்தால் அது தேர்வே இல்லை. அவருக்கும் தெரியக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியக் கூடாது. எதுவுமே இல்லாத வண்டிகளும் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே உட்காராமல் கடந்துபோகும் நாயைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், சாலைக் கணக்கையும் எழுதத்தான் வேண்டும். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தியை எழுதும் நிருபர், அந்த நாய் அந்த ஆண்டில் எத்தனை முறை உட்கார்ந்தது, அதில் எத்தனை முறை எதுவும் கிடைக்கவில்லை என்று அதிகாரியிடம் கேட்கட்டும். நான் வேலை செய்த இடத்தில் பதிவேட்டில் பிடிபட்டவற்றுக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்த மழை இரவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோப்ப நாய்ப் பிரிவுக் காவலர்