பங்குப் பேரவைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21: கோவிலைத் திரும்பத் திறந்த ஆண்டு

பாசத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பேரவை உறுப்பினர்களே, பங்கு மக்களே, எல்லாருக்கும் என் அன்பு வணக்கம்.

2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் முடிய உள்ள ஓராண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாகத் திருவிழா, தியானம், முதல் நற்கருணை விழா என்று மாதவாரியாகச் சொல்லி முடிப்போம். இந்த ஆண்டு அவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை. பேரவை பார்த்தது ஒரே வேலைதான்: மூடிய கோவிலை, வருகிறவர் யாருக்கும் நோய் தொற்றாதபடி திறப்பது. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் எதைச் சரியாகச் செய்தோம், எதில் நேரத்தையும் உழைப்பையும் வீணாக்கினோம் என்பது அடுத்து வரும் பேரவைக்குத் தெரிய வேண்டும்.

மூடியிருந்த வாரங்கள்

2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் நம் கோவில் கதவும் சாத்தப்பட்டது. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்ததை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம். 1522-இல் உரோமையில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகச் சுமந்து செல்லப்பட்ட புனித மார்செல்லோ ஆலயச் சிலுவைதான் அன்று அவருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஆண்டுப் புனித வாரத்தைப் பங்குத்தந்தை மக்கள் இல்லாமலேயே நிறைவேற்றினார். வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் மார்ச் 25-இல் வெளியிட்ட ஆணைப்படி பாதம் கழுவும் சடங்கு இல்லை. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தம் செய்தவர் அவர் ஒருவரே.

"கோவிலை மூடுவது விசுவாசக் குறைவு இல்லையா?" என்று சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அவர்களுக்குப் பங்குத்தந்தை, மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோவைப் பற்றிச் சொன்னார். 1576-இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, மக்கள் வீட்டுச் சன்னலில் நின்றே திருப்பலி காணட்டும் என்று தெருச் சந்திகளில் பீடம் அமைக்க வைத்தவர் அவர். நோயாளிகளைப் பார்க்கப் போகவும் அவர் அஞ்சவில்லை. கூட்டம் சேர்ப்பதையும் மக்களோடு இருப்பதையும் அவர் பிரித்துப் பார்த்தார். அதைக் கேட்ட பிறகு எனக்குள் இருந்த குழப்பமும் தீர்ந்தது.

திறப்பதற்கு முன்

அரசும் மறைமாவட்டமும் அனுமதி தந்த செய்தி வந்ததும், வரும் ஞாயிறே திறக்க வேண்டும் என்று பலர் ஆசைப்பட்டார்கள். பேரவை மூன்று வாரம் அவகாசம் கேட்டது. அதற்காக ஏச்சும் வாங்கினோம். ஆனால் அந்த மூன்று வாரம் இல்லாமல் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2020 மார்ச் தொடக்கத்தில் ஒரு சிற்றூர்க் கோவிலின் நிகழ்ச்சிகளுக்கு வந்த 92 பேரில் 35 பேருக்குத் தொற்று உறுதியானது, மூவர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலச் செபிக்க வந்தவர்கள்தான்.

முதல் வாரம் முழுக்கத் துப்புரவுப் பணி. பல வாரம் திறக்காத குழாய்களில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர வாய்ப்பு உண்டு. ஆகவே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு வெகுநேரம் தண்ணீரை ஓடவிட்டோம். தீர்த்தத் தொட்டிகளை வடித்துக் காயவைத்துக் கவிழ்த்தோம். பாட்டுப் புத்தகங்களைக் கட்டி அலமாரியில் பூட்டினோம். அப்புறம் பெஞ்சுகள். ஒவ்வொரு திருப்பலிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பெஞ்சையும் துடைப்பது என்று முடிவெடுத்து, இளைஞர்கள் முறை வைத்து மாதக்கணக்கில் செய்தார்கள். கிருமிநாசினியில் பித்தளை விளக்குத்தண்டு ஒன்று கறுத்துவிட்டது. மரப்பலகைகளின் வார்னிஷும் பல இடங்களில் வெளுத்தது. பீடத்துச் சலவைக்கல்லில் மட்டும் சோப்புத் தண்ணீர் போதும் என்று, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை பிடிவாதமாகச் சொன்னதால் அது தப்பியது.

இந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையில், 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது: கிருமி பட்ட பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெஞ்சு துடைத்த பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று யாருக்கும் இது தெரியாது. ஆனால் அந்த உழைப்பில் பாதியை முதல் வாரமே சன்னல்கள் பக்கம் திருப்பியிருக்கலாம்.

சன்னல்கள்

நம் கோவிலில் இருபக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு சன்னல்கள். ஏழு மட்டுமே திறந்தன. மற்ற ஐந்தும் ஒவ்வொரு வெள்ளையடிப்பின்போதும் பெயின்ட் மேல் பெயின்ட் பூசிப் பூசிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்தன என்று யாருக்கும் நினைவில்லை. தச்சர் ஒருவர் மெல்லிய உளியை இடுக்கில் விட்டு, கண்ணாடி உடையாமல், பெயின்ட்டைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொன்றாக விடுவித்தார். கடைசிச் சன்னல் திறந்தபோது பழைய தூசியும் காய்ந்த குருவிக்கூடு ஒன்றும் விழுந்தன. பின்னாலேயே காற்று வந்தது.

சன்னல் திறந்தாயிற்று, காற்று எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த யோசனையைச் சொன்னவரும் கோவில்பிள்ளைதான். ஆளில்லாத கோவிலில் தூபக்கலசத்தில் சாம்பிராணி போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாக நடந்தார். நாங்கள் வாசலில் நின்று புகையைப் பார்த்தோம். நடுப்பகுதியில் புகை சரசரவென்று கிழக்குச் சன்னல்கள் வழியே வெளியேறியது. பீடத்துக்குப் பக்கத்திலும் தங்கவில்லை. பின்பக்க மாடிக்கு அடியில் மட்டும் புகை எழும்பி, மாடித் தளத்தில் முட்டி, அங்கேயே நின்றது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் மெல்லிய நீலப் படலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நம்மில் முதியவர்கள் வழக்கமாக அமரும் இடம் அதுதான். கதவுக்குப் பக்கம், படி ஏற வேண்டாம் என்பதால்.

அன்றே அந்தப் பெஞ்சுகளை எடுத்துவிட்டோம். முதியவர்களுக்கு வடக்குப் பக்கக் கதவை ஒட்டி இடம் ஒதுக்கினோம். இந்த ஆண்டு பேரவை எடுத்த முடிவுகளில் எது முக்கியம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். திருப்பலிக்கு அரைமணி முன்பு எல்லாச் சன்னல்களையும் திறப்பது, மழையானாலும் காற்று வரும் பக்கத்தை மூடாதிருப்பது, இரண்டு திருப்பலிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கோவிலைக் காலியாக விடுவது ஆகியவை இன்றும் தொடர்கின்றன.

இடமும் பாட்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் சமயத் தலைவர்களுக்குத் தந்த வழிகாட்டுதலில் ஆளுக்கு ஆள் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி கேட்டிருந்தது. நாங்கள் அளவு நாடாவோடு உட்கார்ந்து இரண்டு மீட்டராக வைத்தோம். ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சைக் கயிறு கட்டி அடைத்தோம். ஒரே வீட்டார் சேர்ந்து அமரலாம். தனியாக வருபவர்கள் பெஞ்சின் இரு முனையிலும். இந்தக் கணக்கில் கோவிலில் வழக்கமாக அமருவோரில் கால்பங்கினருக்கே இடம் கிடைத்தது. ஆகவே ஞாயிறு திருப்பலி இரண்டிலிருந்து நான்காகியது. பங்குத்தந்தை ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பேரவையின் நன்றி.

பாடகர் குழுவிடம் பாட வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் நடந்த ஒரு பாடல் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். நோய் அறிகுறியோடு ஒருவர் இருந்தார். அதன்பின் அவரோடு சேர்த்து 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள், இருவர் இறந்துபோனார்கள். வாய்திறந்து பாடும்போது வெளிப்படும் நுண்துளிகள் மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கும். சாம்பிராணிப் புகை நமக்குக் காட்டியதும் அதுவே. இதைச் சொன்னதும் குழுத் தலைவி ஒன்றும் பேசாமல் தலையசைத்தார். அடுத்த ஞாயிறு முதல் ஒருவர் மட்டும், மாடியில் ஏறாமல், திறந்த கதவருகே நின்று பாடினார். மற்றவர்கள் முகக்கவசத்துக்குள் உதடு அசைத்தார்கள். பார்க்கவே மனசு கனத்தது.

நற்கருணை

நற்கருணை கையில் மட்டுமே தரப்பட்டது. நாவில் வாங்கியே பழகியவர்களுக்கு இது எளிதாக இல்லை. எருசலேம் ஆயர் புனித சிரில் நான்காம் நூற்றாண்டிலேயே, அரசரை ஏற்கும் வலக்கைக்கு இடக்கையை அரியணையாக்குங்கள் என்று போதித்ததைப் பங்குத்தந்தை இரண்டு ஞாயிறு எடுத்துச் சொன்னார். 'கிறிஸ்துவின் உடல்', 'ஆமென்' என்பதை எல்லாரும் சேர்ந்து ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு மௌனமாக வரிசையில் வந்தார்கள். வாங்கியதும் ஓரமாக நகர்ந்து நின்று, முகக்கவசத்தை விலக்கி உட்கொண்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சானிடைசரில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று பார்த்து வாங்கினோம். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதை யோசிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறன்று பீடச்சிறுவன் ஒருவன் கையில் சானிடைசரைத் தேய்த்த ஈரம் காயுமுன் மெழுகுதிரி ஏற்றப் போனான். கோவில்பிள்ளை எட்டிப் பிடித்து நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆல்கஹால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அன்றே பாட்டிலைப் பீடத்துப் பக்கமிருந்து குருவானவர் திருவுடை மாற்றும் சாக்ரிஸ்டி அறைக்கு மாற்றினோம். திரிகளைத் திருப்பலி தொடங்கக் கால் மணி முன்பே ஏற்றிவிடுகிறோம்.

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பூட்டிவிட்டு, அதற்காக வெளியே மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டோம். கல்லறைத் திருநாளில் கூட்டம் சேராதபடி வத்திக்கான் அந்த ஆண்டு, கல்லறைக்குச் சென்று செபித்து இறந்தோருக்காகப் பெறும் பரிபூரண பலனை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டித்ததால், குடும்பம் குடும்பமாக வெவ்வேறு நாளில் வந்து போனார்கள். 2021 திருநீற்றுப் புதனன்று பங்குத்தந்தை சாம்பல் இடும்போது சொல்லும் வாசகத்தை எல்லாருக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லிவிட்டு, பேசாமல் ஒவ்வொருவர் தலையிலும் சாம்பலைத் தூவினார்.

வாசலில் நடந்தது

இடம் குறைவு என்பதால் முன்பதிவு வைத்தோம். கைப்பேசியில் பெயர் கொடுத்தவர்களுக்கே அனுமதி. முதல் ஞாயிறு ஒரு பெரியவர் வெள்ளை வேட்டி சட்டையோடு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கோவில் நிறைந்துவிட்டது என்று சொன்னோம். "சரிப்பா, வெளியே நின்னுக்கிறேன்" என்றார். திருப்பலி முடியும்வரை வெயிலில் சன்னலோரம் நின்றார். நற்கருணையின்போதுதான் பங்குத்தந்தை அவரைக் கவனித்து, தாமே வெளியே போய்க் கொடுத்தார்.

பட்டியலை வைத்துக்கொண்டு வாசலில் நின்றவன் நான்தான். அன்றிரவே பேரவை கூடியது. ஒவ்வொரு திருப்பலியிலும் பத்து இடம் முன்பதிவு இல்லாமல் விடுவது, கைப்பேசி இல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்வது, வெளியே நிழலில் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வைப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கூட்டங்கள், கணக்கு

பேரவை இந்த ஆண்டு பதினான்கு முறை கூடியது. ஆறு முறை காணொளியில். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். காணிக்கைப் பையைச் சுற்றி எடுத்துப் போவதை நிறுத்தி, வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த பங்கு மக்கள் ஒன்பது பேர். அவர்களில் நால்வரின் அடக்கத் திருப்பலிக்குக் குடும்பத்தார் மட்டுமே வர முடிந்தது. அவர்களுக்காகப் பங்கு முழுவதும் கூடிச் செபிக்க ஒரு நாள் குறிக்க வேண்டும் என்று பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்காமல் விட்ட வேலைகள் இரண்டு. மாடிக்கு அடியில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி இன்னும் பொருத்தவில்லை. அடுத்து, கோவில் திறந்தும் இன்றுவரை திரும்பி வராதவர்கள். நோய்க்குப் பயந்தவர்கள், படுத்த படுக்கையாகிவிட்டவர்கள், நம்மேல் மனத்தாங்கல் கொண்டவர்கள் என்று முப்பத்தெட்டு பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேரை நேரில் பார்த்தாயிற்று. மீதி இருபத்தாறு பெயர்களோடு அந்த நோட்டைப் புதிய செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர், பங்குப் பேரவை