காலியான தளத்தை வெளியிட்டுவிட்டு ‘வெற்றி’ என அறிவித்தது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பில்ட் சூழலை (மூலக் கோப்புகளிலிருந்து தளத்தின் பக்கங்களை உருவாக்கும் தங்கள் கணினி அமைப்பை) முன்னறிவிப்பின்றி மாற்றியதால் தளம் முடங்கியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஹியூகோ என்ற தள உருவாக்க மென்பொருளில் அமைத்த எங்கள் தளம், அதன் மூலக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் மாற்றங்களைப் புஷ் செய்தவுடன் (அனுப்பியவுடன்) தங்கள் சேவையின் வழியே தானாக பில்ட் ஆகி வெளியாகும்படி அமைக்கப்பட்டுள்ளது. கடந்த வாரம் ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழையைத் திருத்திப் புஷ் செய்தோம். ‘வெளியீடு வெற்றி’ என்று மின்னஞ்சல் வந்தது. தளத்திலோ முகப்பு உட்பட எல்லாப் பக்கங்களும் ‘பக்கம் இல்லை’ எனும் 404 பிழையைக் காட்டின.

பில்ட் பதிவைப் படித்தபோது காரணம் தெரிந்தது. தளத்தின் தோற்றத்தையும் பக்க வார்ப்புருக்களையும் தரும் எங்கள் தீம், ஒரு சப்மாட்யூலாக, அதாவது களஞ்சியத்துக்குள் இன்னொரு தனிக் களஞ்சியமாக, இணைக்கப்பட்டுள்ளது. இதுவரை களஞ்சியத்தோடு சேர்த்து அதையும் எடுத்துவந்த தங்கள் பில்ட் சூழல், இம்முறை அதை எடுக்கவில்லை. தீம் கோப்புறை காலியாக இருந்ததால், பக்கங்களுக்குரிய வார்ப்புருக்கள் கிடைக்கவில்லை என்று ஹியூகோ எச்சரிக்கைகளை மட்டும் எழுதிவிட்டு, பிழை ஏதும் இல்லை எனப் பொருள்படும் 0 குறியீட்டுடன் முடிந்தது. அந்த 0 ஒன்றையே சான்றாகக் கொண்டு, சைட்மேப் (தேடுபொறிகளுக்கான பக்கப் பட்டியல்) போன்ற சில எக்ஸ்எம்எல் கோப்புகளைத் தவிர ஒரு பக்கம்கூட இல்லாத கோப்புறையை, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த தளத்தின் இடத்தில் தங்கள் சேவை வைத்துவிட்டது.

முந்தைய வெளியீட்டுக்குத் திரும்பும் வசதி உடனே வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படித் திரும்பிய பிறகும் தானியங்கி வெளியீடு நிற்காது என்பதை அந்தத் திரை எங்கும் சொல்லாததால், சக ஊழியர் ஒருவரின் அடுத்த புஷ் தளத்தை மீண்டும் காலியாக்கியது.

எச்சரிக்கை வந்தாலே பில்டை நிறுத்தும் தெரிவை ஹியூகோ கட்டளையில் சேர்க்குமாறு தங்கள் உதவிப் பிரிவு பதிலளித்தது. பயனுள்ள யோசனைதான், சேர்த்தும்விட்டோம். ஆயினும், எங்கள் அமைப்புகளில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, தங்கள் சூழல் ஏன் மாறியது, அதை எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அது பதிலாகாது.

எனவே, சப்மாட்யூல்களை எடுக்கும் பழைய நடைமுறையை எங்கள் கணக்கில் மீட்டுத் தரவும், வீணான பில்ட் நிமிடங்களைத் திரும்ப வரவு வைக்கவும், இனிச் சூழலை மாற்றுமுன் எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். வெளியிடவிருக்கும் கோப்புறையில் முகப்புப் பக்கமே இல்லையெனில் வெளியீட்டை நிறுத்திவைக்கும் எளிய சோதனையையும் தாங்கள் சேர்ப்பது நல்லது.

அதுவரை தானியங்கி வெளியீட்டை நிறுத்திவிட்டு, எங்கள் கணினியிலேயே பில்ட் செய்த கோப்புகளை நாங்களே பதிவேற்றி வருகிறோம். அந்த வேலையைச் செய்யாமலிருப்பதற்காகத்தான் தங்களுக்குக் கட்டணம் செலுத்துகிறோம்.

இப்படிக்கு,
தளப் பொறுப்பாளர்