மாமிக்கு எந்த ரத்தம் பார்க்கணும்

மக்களே,

சுகர் உள்ள தக்கலை மாமி சோர்ந்தே இருப்பது மனச்சோர்வா என்று பார்க்க, இதை எடுக்கலாமா என்று நீ அனுப்பின லேப் பேக்கேஜைப் பார்த்தேன். பாதி வீண் செலவு. சிஆர்பி, இன்டர்லூகின்-6 என்று உடம்பின் அழற்சியைக் காட்டும் இரண்டு ரத்த அளவும் மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்கும் என்று போட்டிருக்கான். நிறையப் பேரை எடுத்துச் சராசரி பார்த்தால் மனச்சோர்வு உள்ளவங்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அது உண்மைதான். தனி ஒரு ஆளுக்கு அதை வைத்து உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. உடம்பு பெருத்தாலும், பல் ஈறு வீங்கினாலும், காலில் புண் ஆறாமல் கிடந்தாலும் சிஆர்பி ஏறும். சுகர்காரங்களுக்கு இதில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

ரத்தம் எடுப்பது வேறு காரியத்துக்கு. மனச்சோர்வு போலவே தெரியும் குறைகள் சில உண்டு. முதலில் அவற்றைக் கழிக்கணும்.

வைட்டமின் பி12 கட்டாயம். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அந்தச் சத்து உறிஞ்சப்படுவது குறையும். "தினமும் சாளை மீன் தின்னுகிற எனக்கா குறையும்?" என்று மாமி கேட்பாங்க. தின்றது ரத்தத்தில் சேரணுமே! 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200-லிருந்து 300 வரை சந்தேகம். ஒன்றைக் கவனி: கால் எரிச்சலுக்குக் கடையில் வாங்கும் நரம்பு மாத்திரையில் பெரும்பாலும் பி12 இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் அளவு நன்றாக இருப்பதாகக் காட்டும், குறை மறைந்துவிடும்.

கூடவே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், கிட்னிக்குக் கிரியாட்டினின், உப்புக்குச் சோடியம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருந்தால் சோடியம் இறங்கி ஆள் மந்தமாகிவிடுவதுண்டு. மூன்று மாசச் சராசரி சுகரைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பார்க்கலாம், ஆனால் இரும்புச்சத்து குறைந்திருந்தால் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தாழ்சுகர் வரும்.

தாழ்சுகரை லேப் காட்டாது, வீட்டு மிஷின்தான் காட்டும். கிளிமிபிரைடு என்கிற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கஞ்சியைப் பாதியில் வைத்தால், மாலையில் வியர்த்து, எரிந்து விழுந்து, பிறகு பேச்சில்லாமல் இருப்பாங்க. அந்த நேரம் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லு. 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்கணும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆள் சோர்ந்தே இருந்தால் கேள்விதான் வழி. மனச்சோர்வுக்கு வழக்கமான பிஹெச்க்யூ-9 கேள்வித்தாள் தூக்கம், பசி, களைப்பு எல்லாம் கேட்கும். ராத்திரி நாலு தடவை மூத்திரத்துக்கு எழும்புகிறவங்களுக்கு அதில் சும்மாவே மதிப்பெண் ஏறிவிடும். வயசானவங்களுக்கென்றே உள்ள ஜிடிஎஸ்-15 கேள்வித்தாள் நல்லது என்பது என் கணக்கு: ஆம், இல்லை என்று 15 கேள்வி, உடம்பு உபாதையை அதிகம் தொடாது. 5-க்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டணும். ஆனால் சாகத் தோன்றுதா என்று அது நேராகக் கேட்காது. அதைத் தனியாக, பக்கத்தில் இருந்து கேட்கணும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமா என்றால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போகணும். 14416-ல் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி போனும் இருக்கு.

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினால் குணம் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நிறுத்தக் கூடாது. அந்த மருந்து எஸ்எஸ்ஆர்ஐ என்கிற வகை என்றால் இரண்டு வாரத்தில் சோடியம் திரும்பப் பார்க்கணும், சுகரும் சற்று இறங்கலாம். அமிட்ரிப்டிலின் என்கிற பழைய வகை மருந்து என்றால் எடை கூடும், வாய் வறளும், தலைசுற்றி விழவும் வாய்ப்புண்டு; டாக்டர் அதை எழுதினால் சுகர் இருப்பதைச் சொல்லிக் கேளு.

மாமி போடுகிற எல்லா மாத்திரை அட்டையையும், அந்த நரம்பு மாத்திரையும் சேர்த்து, பெயர் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. பார்த்துவிட்டு எந்த ரத்தம், எந்த நாள் என்று சொல்லுகிறேன்.

அம்மா