எங்கள் சேற்றுக் கடலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் முட்தோலிகள், அதாவது முள் தோல் கொண்ட கடல் உயிரினங்கள், பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் முள்ளெலி எல்லாம் மன்னார் வளைகுடா பவளப்பாறையில்தான் என்பது போல எழுதிவிட்டு, டெல்டா கரையைச் சேறும் மணலும் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். பாறை கிடையாதுதான், சரி. அதற்காக ஒன்றுமே இல்லை என்றாகிவிடுமா?

கோடியக்கரை முனையைத் தாண்டினாலே கடல் வேறாகிவிடும். வடக்கே நாகை, தரங்கம்பாடி பக்கம் அலை ஓயாத மணல் கரை, அங்கே மணலுக்குள் புதைந்து பிழைக்கத் தெரிந்தவைதான் தாக்குப்பிடிக்கும்: ஓரமெல்லாம் சீப்புப் பல் வைத்த நட்சத்திரம், அப்பளம் மாதிரி தட்டையான முள்ளெலி. இந்தப் பக்கம் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்றால் அலை குறைந்த பாக் விரிகுடா, ஆழமில்லாத தண்ணீர், அடியில் கடல்புல். 2022-இல் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்ததே இந்தப் புல்லை நம்பித்தான். அதற்குள் முள்ளெலி எவ்வளவு என்று நண்டு வலை போடுகிற என் மைத்துனரைக் கேட்டால் தெரியும், வலையிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் விரல் போய்விடும் என்று திட்டிக்கொண்டே சொல்வார்.

அப்புறம், எந்த மாதம் போய்ப் பார்த்தார்கள் என்றே கட்டுரையில் இல்லை. முட்தோலிகளுக்கு நன்னீர் ஆகாது. உடம்புக்குள் இருப்பதும் ஏறக்குறைய கடல்நீர்தான், உப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய உறுப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடம் பெருக்கெடுத்து வரும்போது முகத்துவாரத்தில் தேடிவிட்டு இங்கே எதுவும் இல்லை என்று எழுதினால் எப்படி? பங்குனியில் வந்து பார்க்க வேண்டும்.

கடல் அட்டை என்றாலே பத்திரிகையில் கடத்தல் செய்திதான். 2001 முதல் பிடிக்கத் தடை, அது தெரிந்ததுதான். ஆனால் வயலில் மண்புழு பார்க்கிற வேலையை அடிமண்ணைத் தின்று கழித்துக் கடலுக்குள் அது பார்க்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். விசைப்படகு வலையில் ஏறும் நட்சத்திரமும் முள்ளெலியும் கழிவு மீனோடு சேர்ந்து தீவனத்துக்குப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. துறைமுகத்தில் அந்தக் குவியலைக் கிளறினாலே பாதிக் கட்டுரை கிடைத்திருக்கும்.

உங்கள் நிருபரை ஒரு நாள் விடியற்காலையில் மல்லிப்பட்டினத்துக்கு அனுப்புங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். முள் குத்தினால் மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மல்லிப்பட்டினம்