அழகப்பனின் ஈரல்

காரைக்குடி

அன்புள்ள சிதம்பரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அலிரோகுமாப் மருந்தை, மிகுதியாகக் குடிப்பவர்களின் ஈரலுக்காகச் சோதிக்கிறார்களாமே, அது அழகப்பனுக்கு உதவாதா என்று கேட்டிருக்கிறாய். என் தம்பியை நீ மறக்காமல் விசாரித்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலும் ஈரலிலேயே உண்டாகும் பிசிஎஸ்கே9 என்னும் புரதம், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை ஈரலுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளை அழிக்கிறது. அந்தப் புரதத்தை இம்மருந்து பிடித்துக்கொள்வதால் ஏற்பிகள் பிழைத்து, இரத்தத்தில் கொழுப்புக் குறைகிறது. கொழுப்பை ஈரலுக்குள் இழுத்தால் ஈரல் இன்னும் கெடாதா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் மதுவைக் கொடுத்து வளர்த்த எலிகளுக்கு இதைப் போட்டபோது ஈரலில் படிந்த கொழுப்பும் அழற்சியும் குறைந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை என்பதால், சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி. 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா' என்று ஒரு மருத்துவமனை அழகப்பனைத் திருப்பியனுப்பிய நாளை நினைத்தால், குடிப்பவரையும் நோயாளியாக மதித்துச் செய்யும் இந்த முயற்சியின் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டாகிறது.

போன வாரம் வளவில் உட்கார்ந்திருந்தபோது, நான் இரவில் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரையில் ஒன்றைத் தினமும் அவருக்கும் கொடுக்கலாமா என்று தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கூடவே கூடாது என்றேன். என்னுடையது ஸ்டாட்டின், அந்த ஊசி வேறு. அதோடு, ஈரல் சுருங்கி நோய் முற்றியவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினை 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் சிலருக்குத் தசையே சிதைந்திருக்கிறது. அழகப்பனின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. வெறும் கொழுப்புப் படிந்த நிலையென்றால், குடியை விட்ட சில வாரங்களிலேயே அது பெரும்பாலும் சரியாகத் தொடங்கிவிடும். அந்த வாய்ப்பு அவனுக்கு இன்னும் இருக்க வேண்டுமே என்றுதான் தினமும் பிள்ளையார்பட்டியானை வேண்டுகிறேன்.

வரும் வியாழக்கிழமை அவனை ஸ்கேன் எடுக்க மதுரைக்கு அழைத்துப் போகிறேன். வருகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதற்குள் நீ ஒருமுறை அவனோடு போனில் பேசு. சின்ன வயதிலிருந்தே என் பேச்சைவிட உன் பேச்சைத்தான் அவன் கேட்பான்.

அன்புடன்,
நாராயணன்