மூன்றாம் மாடி அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

என் மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. நேற்று முதல்முறையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை தானே நடந்துவந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த டப்பாக்களை யார் இப்படி அடுக்கியது?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரவோடு இரவாக ரத்தம் கொடுக்க ஓடிவந்த நண்பர்கள், கேட்காமலே பணம் அனுப்பிவிட்டுத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடும் மைத்துனர், என் வேலையையும் சேர்த்துச் செய்த அலுவலகத் தோழர்கள், பிள்ளைகளைத் தினமும் பள்ளியில் விட்டு அழைத்துவந்த கீழ்வீட்டுக்காரர்கள், நடுநிசியில் கேட்ட கேள்விக்கும் முகம் சுளிக்காத செவிலியர்கள், கட்டணத்துக்குப் பொறுத்துக்கொண்ட ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்று மட்டும் மன்னியுங்கள். இந்த மடலின் பெரும்பகுதி மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மாவுக்கு உரியது. அவர் செய்தது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஒருநாள் மாலை எங்கள் கதவைத் தட்டியபோது அவர் கையில் சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் இல்லை. ஒரு சமையலறைத் தராசு, ஒரு நீள நோட்டு, காதில் செருகிய பென்சில். "தம்பி, அலமாரியைத் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். முன்பின் அதிகம் பேசியதில்லை. படிக்கட்டில் பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். பிறர் பார்க்கும்படியாக எங்கள் அடுப்படி அன்று இல்லை. வெளியில் வாங்கிய பொட்டலங்களின் காகிதம் மூலையில் குவிந்து கிடந்தது. கையிருப்பில் கணிசமான தொகை அந்தப் பொட்டலங்களுக்கே போயிருந்தது. அடுத்த பணம் கைக்கு வர இன்னும் இருபது நாட்கள் இருந்தன. அப்பா, இரண்டு பெண்கள், நான் என்று நான்கு வயிறு. ஒரு பக்கம் மருந்துச் சீட்டு, மறுபக்கம் சாப்பாடு. இரவில் விழித்துக்கொண்டு, வீட்டில் ஒன்றுமே இல்லையே என்று புலம்பியபடி படுத்திருப்பேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒன்றுவிடாமல் எடுத்துத் தரச் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் இருப்புக் கணக்கு எழுதியவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடை போட்டார், எழுதினார். அரிசி 10 கிலோ. கோதுமை மாவு 5 கிலோ. ஐந்து டப்பாக்களில் பயறும் பருப்புமாக 4 கிலோ. ரவையும் ஓட்ஸும் சேர்த்து மூன்றரை கிலோ. வேர்க்கடலை முக்கால் கிலோ. எண்ணெய், சர்க்கரை, உப்பு தனியாக. எல்லாம் என் மனைவி சம்பளம் ஒழுங்காக வந்த நாட்களில் வாங்கி வைத்தவை. சில டப்பாக்களில் அவள் கையெழுத்தில் தேதி ஒட்டியிருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த டப்பாவைத் தராசில் வைத்தார்.

பிறகு தலைக்கணக்குப் போட்டார். நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ அரிசி அல்லது மாவு. நாளொன்றுக்கு இரண்டு வேளை. காலைக் கஞ்சிக்கு ரவையோ ஓட்ஸோ கால் கிலோ. பயறும் பருப்பும் நாளொன்றுக்குக் கால் கிலோ, அதில் குறைக்கவே கூடாது. கூட்டிக் கழித்துப் பென்சிலால் ஓர் எண்ணைச் சுழித்துக் காட்டினார்: 14.

"பதினான்கு நாளுக்கு இருக்கிறது, தம்பி. ஆறு நாளுக்குத்தான் குறை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். இருபது நாள் என்னும் இருட்டில் உழன்றவனுக்கு, ஆறு நாள் என்பது கைக்கு அடக்கமான ஒன்றாகத் தெரிந்தது. அந்த ஆறு நாளுக்கு வேண்டியதையும் அவரே எழுதினார். அரிசியோ மாவோ 6 கிலோ, காலைக் கஞ்சிக்கு ஒன்றரை, பருப்பு ஒன்றரை. மிச்சப் பணத்தை வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கீரை, எலுமிச்சை என்று பிரித்தார். எலுமிச்சை எதற்கு என்று கேட்டேன். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும், வளரும் பெண்கள் இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடாதே என்றார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மொத்தமாக வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். அதை எனக்கு விளக்க வைக்காமலே புரிந்துகொண்டு, வாரா வாரம் வாங்கும்படி பட்டியலை மூன்றாகப் பிரித்துத் தந்த முதல் மனிதர் அவர்.

பயறைக் குறைக்காதே என்பதற்கும் காரணம் சொன்னார். காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் மற்றொரு கூறு தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும், ஒரே வேளையில் சேர்ந்துவிட வேண்டும் என்றுகூட இல்லை, அன்றைய சாப்பாட்டில் இரண்டும் இருந்தால் போதும். வெறும் சோறும் உப்புமாக மூன்று நாள் ஒப்பேற்றியிருந்த எனக்கு அது உறைத்தது. பிள்ளைகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் மறுபடி பசி என்றார்கள் என்பதும் விளங்கியது.

கொண்டைக்கடலை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் எழுதிய தேதிப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒருமுறை ஊறவைத்து ஒன்றரை மணிநேரம் வேகவைத்தும் கல்லாகவே இருந்தது. பழைய பயறு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், உங்கள் குழாய்த் தண்ணீரும் கடினநீர் என்றார் அந்த அம்மா. இரவு ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடச் சொன்னார். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவும் கடலை மெத்தென்று ஆகும்வரை பாத்திரத்தின் பக்கம் வரக்கூடாது, புளிப்பு விழுந்தால் தோல் இறுகிவிடும் என்றார். மறுநாள் மாலை அவரே வந்து பாத்திரத்திலிருந்து ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். தோல் நழுவியது. உள்ளே இருந்தது மாவாக நசுங்கி விரலில் ஒட்டிக்கொண்டது. 200 கிராம் போட்டது வெந்து கிட்டத்தட்ட அரைக் கிலோவாக நின்றது. என் மனைவி எப்போதோ எடுத்து வைத்த கடலை அன்று எங்களை உட்காரவைத்து உண்ணவைத்தது.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் அவர் குரல் கண்டிப்பாக மாறியது. இதைப் படிப்பவர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். குறைந்தது 5 மணிநேரம் ஊறவேண்டும், அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அதன் பிறகு தீயைக் குறைத்து மெத்தென்று ஆகும்வரை வேகவைக்கலாம். தொடக்கத்திலிருந்தே சிறுதீயில் வைப்பதுதான் ஆபத்து. மிச்சச் சோற்றைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வடித்த சோற்றை நாள் முழுக்க வெளியில் வைக்காதே, சீக்கிரம் ஆறவைத்து, வடித்த ஒன்றிரண்டு மணிநேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். சோற்றில் வளரும் கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வீட்டில் இன்னொருவரும் படுத்துவிட்டால் என்ன ஆவது என்று கேட்டார். அந்த நாட்களில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு இல்லை.

எரிவாயுவும் தீரும் நிலையில் இருந்தது. அதற்காக மாடியிலிருந்து ஒரு பழைய கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். ஊறிய பயறையும் அரிசியையும் மூடிபோட்ட கனமான பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, கால் மணிநேரத்தில் இறக்கி, போர்வையால் இறுகச் சுற்றி ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவோம். அடைபட்ட சூட்டிலேயே மீதி வேக்காடு நடந்துவிடும். திறந்ததும் மறுபடி ஒரு கொதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். என் சின்னவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நடுநடுவே போர்வைக்குள் கையை நுழைத்து, "இன்னும் சூடாக இருக்கிறது அப்பா" என்பாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த குழந்தை அவள். காத்திருப்பதற்கு வேறொன்று கிடைத்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல்நாள் கணக்குப் போடும்போதே வேர்க்கடலையில் ஒரு பங்கையும் சர்க்கரையில் ஒரு கிண்ணத்தையும் தனியே ஒதுக்கி, நோட்டில் 'ஞாயிறு' என்று எழுதினார். இருக்கும் நிலையில் இது வேண்டுமா என்று கேட்டேன். விடுதியில் எவ்வளவு நெருக்கடியான மாதத்திலும் வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு இனிப்பு நிறுத்தியதில்லை, அளவைக் குறைப்போம், நாளைத் தள்ளமாட்டோம் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடலையை வறுத்து, சர்க்கரைப் பாகில் புரட்டித் தட்டில் பரப்பினோம். பல்லில்லாத அப்பாவுக்கு அதைப் பொடித்துக் கொடுத்தாள் பெரியவள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று கொண்டைக்கடலை வெந்த மாலையில் அவர் கிளம்பவில்லை. "எனக்கும் ஒரு கரண்டி போடு தம்பி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். அதுவரை பல வாரங்களாக நான் வாங்கிக்கொண்டே இருந்தவன். கை நீட்டி நீட்டி, நன்றி சொல்லிச் சொல்லி, என் வீட்டில் ஒருவருக்கு ஒருவாய்ச் சோறு போட முடியும் என்பதையே மறந்திருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். போட்டேன். அந்தக் கரண்டியைப் பிடித்திருந்த கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் வேண்டுமென்றேதான் கேட்டாரா, பசித்துக் கேட்டாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இருபதாம் நாள் பணம் வந்தபோது அரைக் கிலோ மாவும் ஒருபிடிப் பாசிப்பயறும் மிச்சம் இருந்தன. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டிலாவது விளக்கு நடுநிசி வரை எரிந்தால், அங்கே என்ன கஷ்டம் என்று கேட்க மாட்டேன். தராசோடு போய்க் கதவைத் தட்டுவேன், அலமாரியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்பேன், அவர்கள் சமைத்ததில் ஒரு கரண்டி எனக்கும் கேட்பேன். அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

அம்மா, இதை உங்கள் எதிரில் நின்று சொல்ல எனக்கு வரவில்லை. உங்கள் போர்வையைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறோம். கம்பளி என்பதால் இன்னும் ஈரம் போகவில்லை. நாளை மாலை அவளும் மெதுவாகப் படியேறி வருகிறேன் என்கிறாள். கொண்டைக்கடலையை இன்றிரவே ஊறப்போடுகிறேன்.